ஷவுக்கத் வாசிக்காத பக்கம்

நசியா கடைத்தெருவிலிருந்து ஆற்றங்கரைக் கரும்புக்காடு வரைக்கும் ஷவுக்கத்துக்கு ஒரே பட்டப்பேர்தான்: அமெரிக்கா ஷவுக்கத். ஆள் அமெரிக்காவைப் பார்த்தவனா? எங்கே! லம்பாசாவை விட்டுக் கப்பலேறி, அதே தென்கடல் தீவு நாட்டின் தலைநகரமான சூவாவுக்குப் போனதே ரெண்டு தடவை. ஆனால் அமெரிக்காவில் எந்த ஊரில் கறுப்பனை பஸ்ஸை விட்டு இறக்கினார்கள், எந்தக் கடையில் தண்ணீர் கொடுக்க மாட்டேன் என்றார்கள் என்று அவனைக் கேட்டுப் பாருங்கள். சொந்தத் தங்கச்சி வீட்டுச் சண்டையைச் சொல்கிற மாதிரி ஆதியோடந்தமாகச் சொல்லுவான்.

அறுபதுகளின் ஆரம்பம் அது. சூவா துறைமுகத்தில் வேலை பார்த்த மச்சான் ஒருத்தன், கப்பல்காரர்களிடம் கேட்டு வாங்கி மாசம் ஒரு பத்திரிகை தபாலில் அனுப்புவான். அமெரிக்காவில் கறுப்பு முஸ்லிம்கள் நடத்திய பத்திரிகை. அதில் எப்போதும் ஒரே ஆளின் படம், ஒரே ஆளின் பேச்சு. அந்த ஆள் பேர் இத்ரீஸ் கோல். நெட்டையான மனுஷன், அட்டைக் கறுப்பு, முன்பல்லில் ஒரு சந்து. கறுப்பு ஜனங்களின் உரிமைக்காக இருபது வருஷமாகத் தொண்டை கிழியப் பேசிக்கொண்டிருந்தவர்.

ஷவுக்கத் முஸ்லிம் சங்கத்துக்குச் செயலாளர், கரும்பு வெட்டுகிற கேங்குக்கு சர்தார், அதாவது மேஸ்திரி. இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்தவன் அந்தப் பக்கத்தில் அவன் ஒருத்தன்தான். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் பள்ளிவாசல் தகர வராந்தாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கோல் பேச்சைத் தமிழில் சொல்லுவான். தமிழ் பிடிபடாத இளவட்டங்களுக்கு நடுநடுவே இந்துஸ்தானியில் ஊட்டிவிடுவான். என்ன வாசிப்பு என்கிறீர்கள்! கை ஆடும், கண் சிவக்கும், தொப்பி ஒரு பக்கமாகச் சரியும்.

"வெள்ளைக்காரன் மேசையில இடம் குடுன்னு கெஞ்சாதே! உன் அடுப்பு தனி, உன் சட்டி தனி. உன்னை வாசல்ல நிறுத்தினவன் வீட்டு வாசலை நீ மிதிக்காதே!"

"அப்படிச் சொல்லு!" என்று வராந்தாவே அதிரும். அதிராதா பின்னே? அவரவர் வயிற்றெரிச்சல் அவரவருக்கு. கரும்பு பார்க்க வருகிற வெள்ளைக்கார ஓவர்சியர் குதிரையை விட்டு இறங்க மாட்டான். மண்டையைப் பிளக்கிற வெயிலிலும் இவர்கள் வீட்டுத் தண்ணீரைத் தொட மாட்டான். இடுப்பில் சொந்த பாட்டில் தொங்கும். ஒருமுறை ஷவுக்கத்தின் பெண்டாட்டி மரியம் சொம்பு நிறைய எலுமிச்சந் தண்ணீர் கொண்டு போய் நீட்டினாள். அவன் சொம்பையும் பார்த்தான், அவள் கையையும் பார்த்தான், குதிரையைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். அதை நினைத்தால் ஷவுக்கத்துக்கு இன்றைக்கும் காது சுடும்.

வராந்தாவுக்கு வெளியே, படிக்கட்டின் கீழ் ஒரு ஆள் குந்தி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பான். அவன் சைலோசி. காய்வீத்தி, அதாவது அந்த மண்ணுக்கே சொந்தக்காரன். நம்மாட்கள் முதுகுக்குப் பின்னால் 'ஜங்லி' என்பார்கள். சிலபேர் முகத்துக்கு முன்னாலேயே. பன்னிரண்டு வருஷமாக ஷவுக்கத் கேங்கில் கரும்பு வெட்டுகிறவன். ஒரே வயசுதான் ரெண்டு பேருக்கும். ஆனாலும் இவன் அவனை 'வாடா போடா' என்பான், அவன் இவனை 'சர்தார்' என்பான். கூட வெட்டின கிழவர்களிடம் கற்ற தமிழும் இந்துஸ்தானியும் கலந்து அவன் பேசுகிறதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் மதராஸ் ஜில்லாக்காரன் என்றுதான் நினைப்பீர்கள்.

சைலோசிக்கு இத்ரீஸ் கோல் மேல் தனிப் பிரியம். கரும்பு வெட்டுகிறபோது கத்தியை நிறுத்திவிட்டுக் கேட்பான்: "சர்தார், நம்ம ஆளு இந்த மாசம் என்ன சொன்னான்?"

நம்ம ஆளாம்! ஷவுக்கத்துக்கு அந்த வார்த்தை பல்லில் மாட்டிய நார் மாதிரி உறுத்தும். உனக்கும் அவருக்கும் என்னடா சம்பந்தம் என்று வாய்வரைக்கும் வரும். அதை விழுங்கிக்கொண்டு அந்த மாசப் பேச்சைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவான், அவ்வளவுதான்.

இங்கே ஒரு குவளை சமாசாரத்தைச் சொல்லாவிட்டால் கதை விளங்காது. சைலோசி வேலைக்கு வந்த முதல் நாளே ஷவுக்கத் நசியா கடையில் நீலக்கரை போட்ட ஒரு எனாமல் குவளை வாங்கி வந்தான். சமையல்கொட்டகையின் வெளிக்கால் மரத்தூணில் ஆணி அடித்து அதை மாட்டினான். மற்றவர்களுக்கு உள்ளே டம்ளரில் டீ. சைலோசிக்கு வெளியே குவளையில். குடித்தபின் குழாயில் தானே கழுவி, தானே ஆணியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். இதில் ஷவுக்கத்துக்குப் பெருமை வேறு! "மத்தவங்க வீட்டுல காலி ஜாம் டின்னுல ஊத்துறாங்க. நான் புத்தம்புதுக் குவளை வாங்கிப் போட்டிருக்கேன்" என்பான். தன் முதுகு தனக்குத் தெரிந்தால் உலகத்தில் பாதி வழக்கு தீர்ந்து போகுமே.

வராந்தா வாசிப்பு இப்படி மூணு வருஷம் ஓடியது. நாலாம் வருஷம் கோலின் பேச்சில் ஒரு மாற்றம் தட்டியது. சூடு குறையவில்லை. ஆனால் இடையிடையே வேறு மாதிரி வரிகள் தலை நீட்டின. 'எல்லா வெள்ளையனும் ஒன்று என்று சொன்னேன், அதில் அவசரப்பட்டுவிட்டேன்' என்று ஒருமுறை. 'தனி அடுப்பு என்றேன். தனி அடுப்பில் வெந்தாலும் சோறு எல்லோருக்கும் ஒரே சோறுதான்' என்று இன்னொருமுறை. என்னடா இது, புலி புல்லைத் தின்கிறதே என்று ஷவுக்கத்துக்குக் கசந்தது. வராந்தாவில் அந்த வரி வரும்போது லேசாக இருமிவிட்டு அடுத்த வரிக்குத் தாவினான். யாருக்குத் தெரியப் போகிறது? முதலில் ஒரு வரி, பிறகு ஒரு பத்தி என்று விழுங்கக் கற்றுக்கொண்டான். அப்புறம்தான் அந்த இதழ் வந்தது.

மில்லு வாசலில் கரும்பு லாரிகள் வரிசை கட்டி நின்ற ஒரு மத்தியானம். லாரி நகர ரெண்டு மணி நேரம் ஆகும் என்று ஷவுக்கத் நிழலில் உட்கார்ந்து தபாலைப் பிரித்தான். படத்தில் கோல் மெலிந்து போயிருந்தார், கையில் ஒரு தடி. பேச்சு இல்லை. ஜனங்களுக்கு எழுதின கடுதாசி. முதல் வரியிலேயே ஒரு மெக்சிகோக்காரக் கிழவர் வந்தார். முழுசும் வாசித்தான். மறுபடி வாசித்தான். மூணாம் தடவை வாசிக்கிறபோது அவனுக்கு முகம் வேர்த்துவிட்டது. மடித்துச் சட்டைக்குள் திணித்தான். பின்னாலிருந்த லாரிக்காரன் ஹாரன் அடித்து வைகிற வரைக்கும் முன்லாரி நகர்ந்ததே அவனுக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் சைலோசி கொட்டகை வாசலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தான். இவனைப் பார்த்ததும் குவளையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டான்: "பேப்பர் வந்துச்சா சர்தார்? நம்ம ஆளு என்ன சொல்றான்?"

"வரலடா. கப்பல் லேட்டு" என்றான் ஷவுக்கத்.

உள்ளே போய் அரிசிப் பெட்டிக்கு அடியில் அதைச் சொருகினான். வெள்ளிக்கிழமை வராந்தாவில் எதை வாசிப்பது? பழைய இதழ் ஒன்றை எடுத்து, இந்த மாசத்தது என்று புளுகி, அதே கண் சிவப்போடு வாசித்தான். ஜனங்கள் அதே மாதிரி "அப்படிச் சொல்லு!" என்றார்கள். படிக்கட்டின் கீழ் சைலோசி மட்டும் தலையைக் குனிந்து புல்லைக் கிள்ளிக்கொண்டிருந்தான். தேள் கொட்டின திருடன் மாதிரி ஷவுக்கத் சத்தம் காட்டாமல் வீடு வந்து சேர்ந்தான்.

ரெண்டு மாசத்தில் ரேடியோ சொன்னது: அமெரிக்கக் கறுப்பர் தலைவர் இத்ரீஸ் கோல் நெஞ்சுவலியில் காலமானார். 'கடைசிக் காலத்தில் தம் கருத்துகளைப் பெரிதும் மாற்றிக்கொண்டவர்' என்று இந்துஸ்தானி செய்திக்காரர் ஒரு வரி சேர்த்தார்.

சங்கத் தலைவர் நிசாம் ஹாஜியார் மறுநாளே ஆளனுப்பிக் கூப்பிட்டார். ஹஜ்ஜுக்குக் கப்பலில் போய் வந்த மனுஷன், வெண்தாடி, சொல்லுக்கு மறுசொல் கிடையாது. "என்னப்பா ஷவுக்கத், மாறிட்டாருங்கிறானே? என்னத்த மாறினாரு?"

"ரேடியோக்காரன் உளறுறான் ஹாஜியார்."

"அதானே! வர்ற வெள்ளிக்கிழமை அவருக்கு ஃபாத்திஹா ஓதி, சஹன் சாப்பாடு போட்டுருவோம். நீதான் அவரைப் பத்திப் பேசணும்."

சஹன் என்றால் பெரிய தாம்பாளம். நெய்ச்சோறும் கறியும் அதில் மலையாய்க் குவித்து, ஒரு சஹனுக்கு அஞ்சு பேர் சுற்றி உட்கார்ந்து, அஞ்சு கையும் ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். "இதுல முதலாளி இல்ல, கூலி இல்ல. நம்ம மார்க்கத்தோட அழகே இதுதான்" என்று ஹாஜியார் ஒவ்வொரு கந்தூரியிலும் சொல்லாமல் விடமாட்டார்.

வியாழக்கிழமை மரியம் அரிசி அளக்கப் பெட்டியை நகர்த்தினாள். பத்திரிகை அகப்பட்டுக்கொண்டது. அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனால் கண் இருக்கிறதே.

"ஏங்க, தடி ஊனின படம் நீங்க யாருக்கும் காட்டலையே. இத ஏன் பெட்டிக்கடியில வச்சீங்க?"

முழுப் பூசணிக்காயை எத்தனை நாள்தான் சோற்றில் மறைப்பது? ஷவுக்கத் சுவரைப் பார்த்துக்கொண்டு அந்தக் கடுதாசியை அவளுக்குச் சொன்னான். மரியம் அளந்த அரிசியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு வெளிக்காலைப் பார்த்தாள்.

"அப்போ நம்ம வீட்டு ஆணி?"

"நீதானே அவனுக்கு டீ ஊத்துற!" என்று ஷவுக்கத் பாய்ந்தான். வெட்கம் வந்தால் ஆம்பிளைக்கு முதலில் வருவது கோபம்தானே.

"ஊத்தினேன். இல்லேங்கல, எனக்கும் பங்கு உண்டு. குவளை வாங்கினது நீங்க. ஆணி அடிச்சதும் நீங்க. அந்தக் குதிரைக்காரன் என் கைத் தண்ணிய வேணாம்னப்ப எனக்கு எப்படி இருந்துச்சுன்னு ஊரெல்லாம் சொன்னீங்க. இவனுக்கு எப்படி இருக்கும்னு நீங்களும் கேட்கல, நானும் கேட்கல." அவள் பத்திரிகையை மடித்து அவனுடைய வெள்ளிக்கிழமைச் சட்டைப் பையில் வைத்தாள். "நாளைக்கு வாசிங்க."

வாசித்தானா? அட, அதைச் சொல்லத்தான் எனக்கும் கூச்சமாக இருக்கிறது.

ஃபாத்திஹா ஓதி முடிந்தது. ஷவுக்கத் எழுந்து நின்றான். சட்டைப் பையில் காகிதம் முள்ளாய்க் குத்தியது. எதிரே ஹாஜியாரின் வெண்தாடி, நூறு தொப்பிகள். வாயைத் திறந்தான். அந்தப் பழைய பேச்சுதான் வந்தது. தனி அடுப்பு, தனிச் சட்டி. "அப்படிச் சொல்லு!" என்றது வராந்தா. அந்த நிமிஷம் தரை பிளந்து தன்னை விழுங்கினால் தேவலை என்று அவனுக்கு இருந்தது.

சஹன்கள் வந்து இறங்குகிற நேரத்தில் சைலோசி வந்தான். சலவை செய்த சுலு வேட்டியைக் கட்டி, தலையில் எண்ணெய் தடவி வாரியிருந்தான். தோளில் சுருட்டின தாழை ஓலைப் பாய், கையில் ஒரு கட்டு தாலோ கிழங்கு. மௌத்து விழுந்த வீட்டுக்குப் பாயும் கிழங்கும் கொண்டு போவது அவர்கள் வழக்கம். படிக்கட்டில் அதை இறக்கி வைத்துவிட்டு, முழங்காலிட்டு, மரியாதைக்கு மூணு தரம் கை தட்டினான். அவன் கண் கலங்கியிருந்தது.

"நம்ம ஆளுக்கு" என்றான்.

வராந்தாவில் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். ஹாஜியார்தான் சமாளித்தார். "நல்ல மனசுப்பா உனக்கு. ஷவுக்கத், இவனுக்கு மாமரத்தடியில இலையில போட்டுக் குடுக்கச் சொல்லு."

ஷவுக்கத்தின் சஹனில் அவனையும் சேர்த்து நாலு பேர்தான். அஞ்சாவது இடம் காலி. எல்லோரும் அதைப் பார்த்தார்கள், அவனும் பார்த்தான். 'இங்கே உட்காரட்டும்' என்று ரெண்டே ரெண்டு வார்த்தை. அமெரிக்காவுக்காக நாலு வருஷமாகக் கத்தின தொண்டையில் அந்த ரெண்டு வார்த்தை ஏறவில்லை.

"சரி ஹாஜியார்" என்றான்.

சைலோசி தலையாட்டிவிட்டுத் தன் பையில் கையை விட்டான். நீலக்கரைக் குவளையை வெளியே எடுத்தான்.

"தண்ணிக்கு இது இருக்கு சர்தார். வரும்போது மரியம்மாகிட்ட கேட்டு எடுத்தாந்தேன். இங்க எனக்குன்னு ஒண்ணு இருக்காதில்ல?"

குத்திக் காட்டவில்லை அவன். யாருக்கும் சங்கடம் வேண்டாமே என்று நிஜமாகவே யோசித்துக் கொண்டுவந்திருந்தான். அதுதான் ஷவுக்கத்தைக் கொன்றது.

சஹன் முன் உட்கார்ந்து ஒரு கவளம் எடுத்தான். வாய்க்குப் போகவில்லை. மரத்தடியில் சைலோசி இலையில் நெய்ச்சோற்றை வைத்துக்கொண்டு, சாப்பிடுவதற்கு முன் கண்ணை மூடித் தன் முறைப்படி ஜெபம் பண்ணுவது தெரிந்தது. யாருக்காக என்று சொல்லவா வேண்டும். ஷவுக்கத் கையை உதறிவிட்டு எழுந்தான். "எங்கப்பா போற? சஹன்ல உக்காந்துட்டு நடுவுல எந்திரிக்கக் கூடாது" என்று ஹாஜியார் அதட்டினார். அவன் படி இறங்கி, வெயிலில் நடந்து, மாமரத்தடி மண்ணில் சைலோசிக்கு எதிரே உட்கார்ந்தான்.

"நான் உன்கிட்ட பொய் சொன்னேண்டா சைலோசி. பேப்பர் வந்துச்சு. நான்தான் ஒளிச்சு வச்சேன்."

"தெரியும் சர்தார்" என்றான் சைலோசி, சோற்றைப் பிசைந்துகொண்டே. "என் அக்கா புருஷனுக்குத் தபால் ஆபீசுலதானே வேலை? அவன்தான் உங்க பேருக்குப் பிரிச்சுப் போட்டவன். அதுவும் நீங்க அன்னிக்கு வாசிச்சது போன வருஷத்துப் பேச்சு. எனக்கு மனப்பாடம்."

"அப்ப ஏண்டா கேக்கல?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு பார்த்தேன்."

ஷவுக்கத்துக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பையிலிருந்து பத்திரிகையை எடுத்துப் பிரித்தான். வாசிக்கத் தொடங்கினான். முதலில் முனகலாக, பிறகு வராந்தாவுக்கே கேட்கிற மாதிரி உரக்க.

"'இருபது வருஷமாக என் தாய் நுழைந்த பின்வாசலைப் பற்றித்தான் உங்களிடம் பேசினேன். போன மாசம் ஆஸ்பத்திரிக்கு ஒரு மெக்சிகோக்காரக் கிழவர் என்னைப் பார்க்க வந்தார். என்னைத் தெரிகிறதா ஐயா என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். உங்கள் மன்றத்தில் ஆறு வருஷம் பாத்திரம் கழுவினேன் என்றார். எல்லோரும் உள்ளே மேசையில் சாப்பிடுவீர்கள், நான் முற்றத்தில் குப்பைத் தொட்டியண்டை சாப்பிடுவேன். போ என்று யாரும் சொல்லவில்லை, வா என்றும் யாரும் சொல்லவில்லை. ஆனால் உங்கள் பேச்சு ஒவ்வொன்றையும் ஜன்னல் வழியாகக் கேட்டிருக்கிறேன். அது எனக்காகவும் பேசினது என்று நினைத்துக்கொள்வேன் என்றார்.'"

ஷவுக்கத் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே வாசித்தான்.

"'எனக்குச் செய்த அநியாயத்தை நான் மறக்கவில்லை, மன்னிக்கவும் இல்லை. ஆனால் அநியாயத்துக்கு ஒரே நிறம்தான் என்று இனிமேல் என்னால் சொல்ல முடியாது. இதை எந்த நாட்டில் வாசிக்கிறவரானாலும் சரி, தயவுசெய்து எழுந்து போய் உங்கள் முற்றத்தில் யார் சாப்பிடுகிறார் என்று பாருங்கள்.'"

வராந்தாவில் கைகள் சஹனிலேயே நின்றுவிட்டன. ஹாஜியார் தாடியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். வா என்று அப்போதும் யாரும் சொல்லவில்லை. ரெண்டொருவர் தொண்டையைச் செருமினார்கள், அவ்வளவுதான்.

"என்னை மன்னிச்சுரு" என்றான் ஷவுக்கத். பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அந்த வாக்கியத்தில் 'டா' வரவில்லை.

சைலோசி வெகுநேரம் பத்திரிகைப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு இலையை ரெண்டு பேருக்கும் நடுவே தள்ளினான். "சாப்பிடுங்க சர்தார். ஆறிப் போகுது."

ஷவுக்கத் அந்த இலையிலிருந்து சாப்பிட்டான். ரெண்டாம் கவளத்தில் அழுகையும் சோறும் சேர்ந்து விக்கியது. தண்ணீர் என்றால் அந்தக் குவளைதான். வாங்கி, வாய் வைத்துக் குடித்தான். தான் கடையில் பார்த்துப் பார்த்து வாங்கின குவளை. விளிம்பில் எனாமல் பெயர்ந்து உதட்டைக் கீறும் என்பது அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

சாப்பிட்டு முடிந்ததும் குவளையைக் கழுவ ஷவுக்கத் கை நீட்டினான். அதற்குள் சைலோசி அதைப் பறிக்காத குறையாக எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டான். "அட, நீங்க எதுக்கு சர்தார்? விடுங்க!" பள்ளிவாசல் குழாயடிக்குப் போய் உள்ளும் புறமும் தேய்த்து, மூணு தண்ணீர் விட்டு அலசினான். உதறினான். பிறகு குவளையும் கையுமாக நின்று, பள்ளிவாசல் சுவரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்தான்.

"சர்தார்" என்றான் வெள்ளந்தியாக, "இங்க ஆணி எங்க இருக்கு?"